நாடாமல் வருமா பதவி?

2021-ஆம் ஆண்டு மழைக்காலம் முடியும் தறுவாயில், ஒரு மொழிபெயர்ப்புப் பணியின் பொருட்டு நாக்பூரில் சில மாதங்கள் தங்கியிருந்தேன். மாலை ஆரதி முடிந்ததும் வாசகசாலைத் திண்ணையில் அன்பர்கள் சிலர் வந்து அமர்வது வழக்கம். அவர்களுள் ஒருவர் பட்டயக் கணக்காளர், மராத்தியர், ஐம்பதைக் கடந்தவர், நெடுங்காலமாகச் சொந்த அலுவலகம் நடத்தி வருபவர். அதிகம் பேச மாட்டார். ஒரு நாள் மற்றவர்கள் எழுந்து சென்ற பிறகும் அவர் மட்டும் அமர்ந்திருந்தார்.

"மகராஜ், எங்கள் நிறுவனத்தின் மத்தியக் கவுன்சிலுக்கு டிசம்பரில் தேர்தல் வருகிறது. நண்பர்கள் என்னை நிற்கச் சொல்கிறார்கள். நிற்கலாமா?"

நான் நெடுநேரம் யோசிக்கவில்லை. "பதவியை நாடிச் செல்ல வேண்டாம்; தானாக வந்தால் மறுக்கவும் வேண்டாம்" என்றேன். அவர் கைகூப்பி விடைபெற்றார். தேர்தலில் நிற்கவில்லை.

அந்த விடை எனக்கு அப்போது மிகுந்த நிறைவைத் தந்தது. அதில் சாஸ்திரத்தின் மணம் இருந்தது, சுருக்கமும் இருந்தது. அடுத்த தேர்தல் நெருங்கிய 2024-இல் மீண்டும் அதே ஊருக்குச் செல்ல நேர்ந்தபோது, அவரே வந்து அதன் குறையை எனக்குக் காட்டினார்.

"அன்று நீங்கள் சொன்னதை யோசித்துக்கொண்டே இருந்தேன், மகராஜ். தானாக வந்தால் மறுக்க வேண்டாம் என்றீர்கள். எங்கள் விதிகளின்படி அது தானாக வர வழியே இல்லை. வேட்புமனுவில் முன்மொழிபவர் கையெழுத்திட வேண்டும், வழிமொழிபவர் கையெழுத்திட வேண்டும், நானும் கையெழுத்திட வேண்டும். கட்டணமும் கட்ட வேண்டும். கையெழுத்திடாதவனைத் தேடி அந்தப் பதவி எந்தப் பிறவியிலும் வராது. அப்படியானால் நீங்கள் சொன்னதன் பொருள் 'வேண்டாம்' என்பதுதானே?"

ஆம், அதுதான் பொருள். இரண்டு கதவுகள் உள்ளதுபோல் தோன்றிய என் அறிவுரையில் ஒன்று சுவரில் வரைந்த கதவு. அதை நான் கவனிக்கவே இல்லை. பிழை என்னுடையதாதலால், அதைச் சற்று விரிவாகவே எண்ணிப் பார்க்க வேண்டியவனாகிறேன்.

அந்த மன்றம்

அன்பர்களுள் பலருக்கு இத்தகைய தேர்தல் ஒன்று நடப்பதே தெரிந்திருக்காது. 1949-இல் இயற்றப்பட்ட பட்டயக் கணக்காளர் சட்டத்தின்படி அவ்வாண்டு ஜூலை 1 அன்று இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் தோன்றியது. நமது அரசியல் சாசனம் நடைமுறைக்கு வருவதற்கு முன்பே பிறந்துவிட்ட அமைப்பு அது. இன்று அதன் உறுப்பினர்கள் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். அதை ஆளும் கவுன்சிலில் 32 பேர் வரை உறுப்பினர்களால் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். 8 பேர் வரை மத்திய அரசால் நியமிக்கப்படுகிறார்கள். வாக்களிக்கும் உரிமை உறுப்பினர்களுக்கு உண்டு. ஆனால் மூத்த நிலையினரான 'ஃபெல்லோ' உறுப்பினர்கள் மட்டுமே போட்டியிடலாம். நாடு ஐந்து மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. நாக்பூர் மேற்கு மண்டலத்தைச் சேர்ந்தது. மகாராஷ்டிரம், குஜராத், கோவா ஆகியவை அம்மண்டலத்தில் அடங்கும். ஆகவே நாக்பூர்க்காரர் ஒருவர் நின்றால் மும்பையிலும் சூரத்திலும் கோலாப்பூரிலும் உள்ள, தம்மை ஒருநாளும் கண்டிராத பல்லாயிரம் பேரிடம் வாக்குக் கேட்க வேண்டும்.

இது ஏதோ ஒரு சங்கத்தின் கௌரவப் பதவி என்று எண்ணிவிட வேண்டாம். மாணவர் என்ன படிக்க வேண்டும், எப்படித் தேர்வு எழுத வேண்டும், எத்தனை காலம் பயிற்சி பெற வேண்டும், தணிக்கை எந்தத் தரநிலைப்படி நடைபெற வேண்டும் என்பவை அங்கே முடிவாகின்றன. தொழில் ஒழுக்கத்தில் வழுவிய உறுப்பினரை விசாரிக்கும் குழுவிலும் கவுன்சில் உறுப்பினர்கள் அமர்கிறார்கள். ஓய்வூதியத்தைப் பங்குகளில் இட்டுவைத்திருக்கும் ஒரு முதியவர் அந்த நிறுவனத்தின் கணக்கேடுகளை ஒருநாளும் பார்க்கப்போவதில்லை. கீழே உள்ள கையெழுத்தைத்தான் நம்புகிறார். அந்தக் கையெழுத்து நம்பத்தக்கதாக இருக்க வேண்டும் என்பதற்காகவே இத்தனை ஏற்பாடும்.

அந்த நம்பிக்கை உடைந்த நாட்களும் உண்டு. 2009 ஜனவரியில் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனத்தின் தலைவர், கணக்குகள் பல ஆண்டுகளாகப் பொய்யாகப் பெருக்கிக் காட்டப்பட்டிருந்ததைத் தாமே கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். அந்தக் கணக்குகள் ஆண்டுதோறும் தணிக்கை ஆகியிருந்தன. காவலாளியைக் காப்பவர் யார் என்ற பழைய கேள்வி மீண்டும் எழுந்தது. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின்படி தேசிய நிதி அறிக்கை ஆணையம் 2018-இல் அமைக்கப்பட்டது. பட்டியலிடப்பட்ட நிறுவனங்களையும் பிற பெரு நிறுவனங்களையும் தணிக்கை செய்வோரை விசாரிக்கும் அதிகாரம் அதனிடம் சென்றது. 2022-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தச் சட்டம் கவுன்சிலின் ஆயுளை மூன்றாண்டிலிருந்து நான்காண்டாக நீட்டியது. அதே சட்டம், ஒழுங்குக் குழுக்களுக்குத் தலைமை வகிப்பவர் அத்தொழிலைச் சாராத வெளியாராக இருக்க வேண்டும் என்றும் வகுத்தது. ஒரு தொழிலினர் தம்மைத் தாமே ஆண்டுகொள்ளும் உரிமை சமுதாயம் அவர்களை நம்பிக் கொடுத்தது. நம்பிக்கை குறையும் அளவுக்கு அது திரும்பப் பெறப்படுகிறது.

இங்கே ஒரு செய்தி நம் அன்பர்களுக்கு மகிழ்வளிக்கும். இந்த நிறுவனத்தின் சின்னம் ஸ்ரீ அரவிந்தர் அளித்தது. நடுவில் கருடன், உடன் கடோபநிஷதத்திலிருந்து எடுத்த ஒரு தொடர். அனைத்தும் உறங்கும்போது விழித்திருக்கும் ஆன்மாவைக் குறிப்பது அது. முதல் கவுன்சில் கூட்டத்தில் பல சின்னங்கள் முன்வைக்கப்பட்டு, அவற்றுள் இது ஏற்கப்பட்டது. இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "செப்டம்பர் மாதக் கடைசி இரவுகளில் அந்த வாசகம் எங்களுக்கு அப்படியே பொருந்தும், மகராஜ். ஊரே உறங்கும், நாங்கள் மட்டும் விழித்திருப்போம்" என்று அன்பர் சிரித்தார். வரித் தணிக்கை அறிக்கையைத் தாக்கல் செய்யும் காலத்தைச் சொன்னார். உபநிஷதம் கூறும் விழிப்பு வேறு என்பது அவருக்கும் தெரியும்.

ஒரு சொல்லின் வேர்

தேர்தலில் நிற்பவரைக் குறிக்க நம் மொழிகளில் வழங்கும் சொற்களைப் பாருங்கள். வங்காளியில் 'பிரார்த்தி', அதாவது இரந்து வேண்டுபவர். இந்தியில் 'பிரத்யாசி', எதிர்பார்ப்பு உடையவர். 'உம்மீத்வார்', நம்பிக்கை கொண்டவர். ஆங்கிலத்தின் 'கேண்டிடேட்' என்ற சொல் லத்தீனில் வெண்மையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. பண்டைய ரோமில் பதவிக்கு நின்றவர்கள் சுண்ணத்தால் வெளுப்பாக்கிய ஆடை உடுத்து மக்களிடையே சுற்றி வந்தார்கள். அவ்வாறு சுற்றி வருவதைக் குறித்த லத்தீன் சொல்லே பின்னர் ஆங்கிலத்தில் 'ஆம்பிஷன்' என்றாகி, பதவி ஆசைக்கும் புகழ் ஆசைக்கும் பெயராயிற்று. மேலே வெள்ளாடை, உள்ளே ஆசை என்று அந்த மொழியின் வரலாறே கேலி செய்வதுபோல் இருக்கிறது.

தமிழில் நாம் 'வேட்பாளர்' என்கிறோம். வேள் என்பது வேர். வேட்கை, வேட்பு எல்லாம் அதன் கிளைகள். விரும்புபவர் வேட்பாளர். இவ்வளவோடு நின்றால் தமிழும் அந்த மனிதரை ஆசைக்காரர் என்றே முத்திரை குத்திவிடுகிறது. ஆனால் அதே வேரிலிருந்துதான் 'வேள்வி'யும் பிறந்தது. அந்தணர்க்குரிய ஆறு தொழில்களுள் 'வேட்டல்' என்பது யாகம் செய்தல். விரும்புவதற்கும், விரும்பியதை நெருப்பில் இடுவதற்கும் ஒரே வேர்.

சொல்லின் வேரை வாதமாக்கிவிடக் கூடாது என்பதை நான் அறிவேன். மொழிபெயர்ப்பாளர்களுக்கு அந்த மயக்கம் எளிதில் உண்டாகும். ஆயினும் நான் 2021-இல் அவசரமாக முடிவு கட்டியது எங்கே என்பதை இச்சொல் எனக்குக் காட்டியது. விருப்பம் என்றால் அது தன்னலமாகத்தான் இருக்கும் என்று எண்ணிவிட்டேன். அந்த விருப்பம் எதன்பொருட்டு, அவர் அதில் எதை இழக்கத் துணிந்திருக்கிறார் என்று நான் கேட்கவேயில்லை.

விலகி நிற்பதன் சுகம்

என் அறிவுரையை ஏற்று நிற்காமல் இருந்த அந்த மூன்றாண்டுகளைப் பற்றி அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். "நீங்கள் அன்று சொன்னதும் எனக்கு மிகவும் அமைதியாக இருந்தது, மகராஜ். பற்றற்றவன் போல உணர்ந்தேன். பிறகுதான் தெரிந்தது, அந்த அமைதிக்கு வேறு காரணம் இருந்தது. யாரிடமும் போய்க் கேட்க வேண்டியதில்லை. யாரும் என்னைத் தோற்கடிக்க முடியாது."

2022-இல் தம்மிடம் பயிற்சி பெறும் மாணவர்களின் குறை ஒன்றை எடுத்துக்கொண்டு அவர் தம் மண்டலத்துக் கவுன்சில் உறுப்பினர் ஒருவரைச் சந்திக்கச் சென்றாராம். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "இதையெல்லாம் சொல்ல நீங்களே வந்திருக்க வேண்டும். உங்களை நிற்கச் சொன்னபோது ஆன்மிகம் என்று சொல்லிவிட்டீர்களாமே" என்றார். அதில் ஏளனம் இல்லை என்கிறார் அன்பர். ஏளனம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன் என்றும் சொன்னார்.

பிளேட்டோ 'குடியரசு' நூலின் முதற்பகுதியில் இதைத் தொடுகிறார். நல்லவர்கள் பணத்துக்காகவோ புகழுக்காகவோ ஆள வரமாட்டார்கள். அவர்களை வரச்செய்வது ஒரு தண்டனை. தாம் மறுத்தால் தம்மிலும் தாழ்ந்தவரால் ஆளப்பட நேரும் என்பதே அத்தண்டனை. கல்லூரியில் இதைப் படித்தபோது ஒரு சாமர்த்தியமான வாதமாகத் தோன்றியது. இன்று அதில் ஒரு குறை தெரிகிறது. தண்டனை விலகி நின்றவருக்கு மட்டுமே விழுவதுபோல் பிளேட்டோ பேசுகிறார். உண்மையில் அது பெரும்பாலும் வேறு யாருக்கோ விழுகிறது. அன்பர் நிற்காததால் அவருடைய அலுவலகம் நலிந்துவிடவில்லை. குறை தீராமல் போனது மாணவர்களுக்கு.

பகவத்கீதையின் தொடக்கத்தில் அர்ஜுனன் வில்லைக் கீழே வைக்கும்போது பேசுவதெல்லாம் துறவியின் பேச்சு. இராஜ்யம் வேண்டாம், போகம் வேண்டாம், பிச்சையெடுத்து வாழ்வதே மேல் என்கிறான். கேட்பவருக்கு வைராக்கியம் போலவே இருக்கும். சுவாமி விவேகானந்தர் கர்மயோகச் சொற்பொழிவுகளில் இந்த இடத்தை எடுத்துக்கொண்டு, வலிமை இருந்தும் விட்டுக்கொடுப்பதற்கும் வலிமையின்மையால் விலகுவதற்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டுகிறார். வெளியிலிருந்து பார்த்தால் தமஸும் சத்வமும் ஒரே மாதிரி அசையாமல்தான் இருக்கின்றன. நான் அன்பரின் அமைதியை வெளியிலிருந்து பார்த்தேன்.

ஆனால் நாடாமல் வரும் பதவி என்று ஒன்று இருந்ததே இல்லையா என்றால், இருந்தது. திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்', 'தெரிந்து வினையாடல்' என்னும் அதிகாரங்களைப் பாருங்கள். தேர்ந்தெடுப்பவனாகிய அரசனை நோக்கியே அவை பேசுகின்றன. தேர்ந்தெடுக்கப்படுபவன் வாய் திறப்பதில்லை. பராந்தக சோழனின் காலத்தில், 919-லும் 921-லும், உத்திரமேரூரில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் கூறும் குடவோலை முறையிலும் தகுதியுள்ளோர் பெயர்கள் ஓலைகளில் எழுதிக் குடத்தில் இடப்பட்டன. ஒரு சிறுவன் கையை விட்டு எடுத்தான். அங்கே ஒருவர் 'தானாக வந்தது' என்று உண்மையாகவே சொல்லியிருக்கலாம். (வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் சென்றவர்களும் அவர்களுடைய நெருங்கிய உறவினர்களும் அந்தக் குடத்துக்குள் நுழையவே முடியாது என்று கல்வெட்டு விதிப்பதை நான் சொன்னபோது, நம் கணக்காளர் மிகவும் ரசித்தார்.) நம் அறிவுரைகளில் பல அரசன் அழைக்கும் உலகத்திலும், ஓலை விழும் உலகத்திலும் பிறந்தவை. கையெழுத்திட்டு மனுக் கொடுக்கும் உலகத்துக்கு அவற்றை அப்படியே கொண்டுவந்தால் பொருந்துவதில்லை.

கேட்பது என்னும் பயிற்சி

இருந்தாலும் 'எனக்கு வாக்களியுங்கள்' என்று சொல்வதில் ஏதோ உறுத்துகிறது. அந்த உறுத்தல் நியாயமானது. அதைத் தட்டிவிடக் கூடாது. கணக்காளர்களுக்கு அது இரட்டிப்பாக உறுத்த வேண்டும். சுற்றறிக்கையாலோ விளம்பரத்தாலோ தனிப்பட்ட தொடர்பாலோ வேலை கேட்டுச் செல்வதை அவர்களுடைய சட்டத்தின் முதல் அட்டவணையே தொழில் ஒழுக்கக் கேடாகக் கருதுகிறது. பின்னாளில் சில தளர்வுகள் வந்தாலும் அடிப்படை அதுவே. முப்பது ஆண்டுகள் 'என்னிடம் வாருங்கள்' என்று சொல்லாமல் தொழில் செய்த ஒருவர், திடீரென்று மூன்று மாதம் ஊர் ஊராகச் சென்று 'என்னைத் தேர்ந்தெடுங்கள்' என்று சொல்ல வேண்டும்.

இதை எண்ணும்போது என் சொந்த அனுபவம் ஒன்று நினைவுக்கு வந்தது. துறவு ஏற்ற நாட்களில் பிக்ஷைக்குச் சென்றேன். தத்துவத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவன் என்ற எண்ணம் அப்போது எனக்குச் சற்று அதிகமாகவே இருந்தது. மூன்றாவது வீட்டில் ஓர் அம்மையார் என்னைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கதவைச் சாத்தினார். காதுவரை சூடேறியது. அந்தச் சூடு யாருடையது என்று அடுத்த வீடு வரை நடந்துகொண்டே யோசித்தேன். பசி சூடேறாது, பட்டம்தான் சூடேறியது. கேட்பதால் அகங்காரம் வளரும் என்று பொதுவாக நினைக்கிறோம். கேட்க மறுப்பதிலும் அது சுகமாகக் குடியிருக்கிறது.

அதற்காக வாக்குக் கேட்பதும் பிக்ஷையும் ஒன்று என்று சொல்லத் துணியமாட்டேன். பிக்ஷு கேட்பது அன்றைய ஒரு வேளை உணவை. வேட்பாளர் கேட்பது பிறர்மீது செல்லும் அதிகாரத்தை. கிடைத்த உணவு மாலையில் செரித்துவிடும். கிடைத்த அதிகாரம் அப்படிச் செரிப்பதில்லை. ஆகவே அவர் கேட்கும் விதத்தில் பிக்ஷுவுக்கு இல்லாத கட்டுப்பாடு இருந்தாக வேண்டும்.

2006-ஆம் ஆண்டுத் தேர்தல் விதிகளில் அப்படி ஒரு கட்டுப்பாட்டைக் கண்டு வியந்தேன். வேட்பாளர் வெளியிடும் அறிக்கை அவரைப் பற்றிய செய்திகளை மட்டுமே கொண்டிருக்க வேண்டும். மற்ற எந்த வேட்பாளரையும் நேராகவோ மறைமுகமாகவோ குறிப்பிடக் கூடாது. பொய் இருக்கக் கூடாது. பரிசும் விருந்தும் தந்து வாக்குத் தேடுவது ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியது. பிறரைத் தாழ்த்துவது தடுக்கப்பட்டுவிட்டதால், தன்னைப் பற்றி உண்மை பேசுவது மட்டுமே எஞ்சுகிறது. மனிதனுக்கு அதைவிடக் கடினமான வேலை அதிகம் இல்லை.

அன்பர் தம் அறிக்கையை எழுதத் தொடங்கியதும் ஒரு சிக்கலைக் கண்டார். தணிக்கையின் முதல் விதியே தன் கணக்கைத் தானே தணிக்கை செய்யக் கூடாது என்பது. தணிக்கையாளர் கையெழுத்திடும்போது, கணக்கு உண்மையும் நியாயமுமான நிலையைக் காட்டுகிறது என்றே சான்றளிக்கிறார். ஒவ்வொரு வரியும் உண்மையாக இருந்தும் மொத்தத்தில் கணக்கு ஏமாற்றுவதாக இருக்கலாம் என்பதை அவரைவிட அறிந்தவர் யார்? ஆகவே அவர் ஒன்று செய்தார். பல ஆண்டுகள் தம்மிடம் பணிபுரிந்து, மனக்கசப்புடன் பிரிந்து சென்ற ஓர் இளையவரிடம் தம் வரைவைக் கொடுத்து, "இதில் எது பொய், எது மிகை என்று குறித்துக் கொடு" என்றார். அந்த இளையவர் இரண்டு நாட்கள் வைத்திருந்தார். பொய் என்று எதையும் குறிக்கவில்லை. 'மாணவர் நலனில் என்றும் அக்கறை கொண்டவர்' என்ற வரியின்கீழ் கோடிட்டு, 'என்றும்' என்ற சொல்லை மட்டும் அடித்திருந்தார். அன்பர் அதை அடித்தபடியே அச்சிட்டார்.

அப்படியானால் அவர் நோக்கம் தூயதாகிவிட்டதா? எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. இம்மானுவேல் காண்ட் 1785-இல் வெளியிட்ட தம் அறநெறி நூலில், எவ்வளவு ஆராய்ந்தாலும் ஒரு செயலின் அடியில் தன்னலம் ஒளிந்திருக்கவில்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்கிறார். நம் சாதகர்கள் இதை அவருக்கு வெகுமுன்பே அறிவார்கள். ஆனால் இதிலிருந்து நான் முன்பு எடுத்த முடிவு தவறு. நோக்கம் தூய்மையாகும்வரை செயலைத் தள்ளிப்போடு என்று எடுத்துக்கொண்டேன். தூய்மையானதா என்பதை ஒருபோதும் அறிய இயலாதென்றால் அந்தக் காத்திருப்புக்கு முடிவேது? இராஜ்யத்தை ஆண்டுகொண்டே நிறைவு பெற்றவராக ஜனகரைக் கீதை சுட்டுகிறது. மனம் முற்றும் தெளியும்வரை அரியணையைக் காலியாக விட்டுக் காத்திருந்தவராக அல்ல.

ஒரு பேரம்

சோதனை வேறு வடிவில் வந்தது. தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு, பல அலுவலகங்களில் செல்வாக்குள்ள ஒருவர் அன்பரை அழைத்துப் பேசினார். தம் பக்கத்து வாக்குகள் கணிசமானவை என்றும், அவை அன்பருக்கு முதல் விருப்பமாகவே விழும் என்றும் சொன்னார். பணம் கேட்கவில்லை, பதவி கேட்கவில்லை. விசாரணையில் இருந்த ஒரு புகாரைப் பற்றிப் பேச்சுவாக்கில் குறிப்பிட்டு, "நீங்கள் உள்ளே வந்தால் எல்லாவற்றையும் நிதானமாகப் பார்ப்பீர்கள் என்று எங்களுக்குத் தெரியும்" என்றார். அவ்வளவுதான்.

அன்றிரவே அன்பர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். தம்மை அலைக்கழித்த வாதத்தை அவர் நேர்மையாகவே சொன்னார். "நான் எந்த வாக்குறுதியும் தரவில்லையே. தலையை அசைத்தால் போதும். உள்ளே சென்றபின் நியாயத்தையே செய்யலாம். இல்லையென்றால் நான் தோற்பேன். இந்த மாதிரிப் பேசாமலே தலையசைத்துவிடுகிற இன்னொருவர் உள்ளே போவார். மாணவர்களுக்காகத்தானே நிற்கிறேன்?"

இந்த வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. நான் முந்தைய பகுதியில் சொன்னவையெல்லாம் இப்போது எனக்கு எதிராகவே திரும்பின. விலகி நிற்பது சுகம் என்றேனே, கையைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும் ஆசையும் ஓர் ஆசைதான் என்றேனே. அப்படியானால் இந்தத் தலையசைப்பை மறுப்பதும் அதே சுகம்தானா?

அல்ல என்று நினைக்கிறேன். அவர் தேடிய பதவியில் தீர்ப்பளிக்கும் கடமை கலந்திருக்கிறது. தம்மைத் தேர்ந்தெடுத்தவர்களுள் ஒருவரே நாளை குற்றஞ்சாட்டப்பட்டு முன்னால் நிற்கக்கூடும். இது இந்த ஏற்பாட்டிலேயே உள்ள பலவீனம். 2018-லும் 2022-லும் வந்த மாற்றங்கள் இந்தப் பலவீனத்தைக் கண்டே வந்தன என்பது என் கருத்து. அத்தகைய இருக்கையை ஒரு தலையசைப்பால் வாங்கியவர், பின்னர் நியாயமே செய்தாலும், எதிரில் இருப்பவரின் நம்பிக்கையைப் பொய்யாக்கித்தான் அதைச் செய்ய வேண்டும். தலையசைப்பு ஒருவரை ஏமாற்றியே தீரும்: நிறைவேற்றினால் பொதுமக்களை, நிறைவேற்றாவிட்டால் அந்த மனிதரை. மாணவர்களுக்கு உதவ வேண்டும் என்ற நோக்கம் உண்மையானதே. ஆனால் அந்த உதவிக்காக விற்கப்படுவது அவருடைய கையின் தூய்மை மட்டுமல்ல. முன்பு சொன்ன அந்த ஓய்வூதியக்காரர் நம்பும் கையெழுத்தும் சேர்ந்து விற்கப்படுகிறது. அதை விற்க இவருக்கு உரிமை இல்லை.

எட்மண்ட் பர்க் 1774-இல் பிரிஸ்டல் நகர வாக்காளர்களிடம் பேசியபோது, பிரதிநிதி தம் உழைப்பை மட்டுமன்றித் தம் சொந்த முடிவையும் வாக்காளர்களுக்குக் கடன்பட்டவர் என்ற கருத்தை முன்வைத்தார். அரசியல் தத்துவ மாணவர்கள் அனைவரும் படிக்கும் உரை. 1780-இல் அதே பிரிஸ்டலில் தோல்வி உறுதி என்று கண்டு அவர் போட்டியிலிருந்து விலக நேர்ந்ததை அத்தனை பேரும் படிப்பதில்லை.

இவற்றையெல்லாம் அன்றிரவு தொலைபேசியில் நான் சொல்லவில்லை. முன்பொரு முறை ஒரே வாக்கியத்தில் விடை சொல்லிப் பட்ட வெட்கம் நினைவில் இருந்தது. "அந்தப் புகாரைக் கொடுத்தவர் யார் என்று உங்களுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டேன். சற்று நேரம் பேச்சில்லை. "தெரியாது. கேட்கவே தோன்றவில்லை" என்றார். மறுநாள் காலை அந்தச் செல்வாக்குள்ளவரை அழைத்து, நடப்பில் உள்ள எந்தப் புகாரைப் பற்றியும் தாம் யாரிடமும் பேச இயலாது என்று சொல்லிவிட்டதாகப் பின்னர் அறிந்தேன். மறுமுனையில் கோபம் இல்லையாம். "சரி, பார்க்கலாம்" என்று வைத்துவிட்டாராம்.

எண்ணிக்கை

2024 டிசம்பரில் வாக்குப்பதிவு நடந்தது. அவர் வெல்லவில்லை.

அந்தத் தேர்தலில் எண்ணும் முறை சற்று வேறானது. வாக்காளர் ஒருவருக்கு மட்டும் முத்திரையிடுவதில்லை. 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுதுகிறார். தேவையான எண்ணிக்கையை எட்டியவரின் மிகுதி வாக்குகள் அடுத்த விருப்பத்துக்குச் செல்கின்றன. கடைசியில் இருப்பவர் விலக்கப்படும்போது அவருடைய வாக்குகளும் அடுத்த விருப்பத்தாரிடம் சேர்கின்றன. இப்படிச் சுற்றுச் சுற்றாக எண்ணிக்கை நடக்கும். நம் அன்பர் நடுவில் ஒரு சுற்றில் விலக்கப்பட்டார்.

ஜனவரியில் அவர் ஆசிரமத்துக்கு வந்தபோது எண்ணிக்கை விவரம் அச்சிட்ட தாள்களைக் கொண்டுவந்திருந்தார். கணக்காளருக்கே உரிய முறையில் ஓரங்களில் பென்சிலால் கூட்டிப் பார்த்திருந்தார். தம் வாக்குகள் எந்தச் சுற்றில், யார் யாரிடம், எத்தனை எத்தனையாகச் சென்றன என்று விரலால் காட்டிக்கொண்டே வந்தார். அவற்றில் ஒரு பகுதி, பிற்பாடு வெற்றி பெற்ற ஒருவரிடம் சேர்ந்திருந்தது. அவர் சூரத்தைச் சேர்ந்தவர். இவருக்கு அறிமுகம் இல்லாதவர்.

"வருத்தமாக இருக்கிறதா?" என்று கேட்டேன்.

"இரண்டு நாள் இருந்தது, மகராஜ். முடிவு வந்த அன்று இரவு கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. அந்த நிம்மதிதான் எனக்குப் பிடிக்கவில்லை." தாள்களை அடுக்கி வைத்தார். "இந்தச் சூரத்துக்காரருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். உங்களுக்கு வந்து சேர்ந்த வாக்குகளில் சில, மாணவர்களின் அந்த விஷயத்துக்காக விழுந்தவை என்று எழுதினேன். எந்த விஷயம் என்பதை நான்கு பக்கத்தில் விவரித்திருக்கிறேன். நான்கு பக்கம் அதிகமா?"

இரண்டு பக்கமாகக் குறைத்தால் படிப்பார் என்றேன். அங்கேயே பென்சிலை எடுத்துக் குறைக்கத் தொடங்கினார்.